ஒரு கைப்பிடிக் கிளிஞ்சல்

போன மாதம் நான் வேலை பார்த்த பள்ளியின் உயிரியல் ஆசிரியை வீட்டுக்கு வந்திருந்தார். ஆய்வுக்கூடத்து அலமாரிகளைக் காலி செய்கிறார்களாம். பாட்டில்களில் இருக்கும் ஃபார்மலின் உடம்புக்குக் கெடுதல், இனிமேல் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் திரையில் காட்டினால் போதும் என்று உத்தரவு வந்திருக்கிறது. பள்ளி மலரில் அந்த ஆய்வுக்கூடம் உருவான கதையை ஒரு பக்கம் போடுகிறார்கள். "நீங்க ஒரு தடவ படிச்சிட்டு, தப்பு இருந்தா திருத்திக் குடுங்க சார். உங்க அனுபவத்தையும் தனியா எழுதிக் குடுங்க" என்றார்.

அச்சுக்குப் போகவிருந்த அந்தப் பக்கத்தில் தேவசகாயம் சாரைப் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. அரிய கடல் உயிரினங்களைச் சேகரித்தவர் என்பது முதல் வரி. 'பணியின் இறுதிக் காலத்தில் ஞாபக மறதியால் பாதிக்கப்பட்டு, வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றார்' என்பது இரண்டாவது.

படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். "இத யாரும்மா சொன்னது?" என்றேன்.

"எல்லாரும் சொல்றதுதானே சார்? பொன்விழா மேடையில நீங்களே சொன்னீங்கன்னு பழைய ஸ்டாஃப் சொன்னாங்க."

மேடையில் நான் என்ன பேசினேன் என்பது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பொய்யை அத்தனை காலம் கூடவே வைத்திருந்தால் அதை மேடையில் சொல்கிறபோது நாக்குக்கூடத் தடுக்காது போலிருக்கிறது.

எனவே அனுபவக் கட்டுரை என்று அவர் கேட்டதற்கு இதைத்தான் தர முடிகிறது.

நான் காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவன். அண்ணன்மார் தறிக்குழியில் இறங்கினார்கள். எனக்குப் படிப்பு வந்தது, படிக்க விட்டுவிட்டார்கள். சென்னையில் விலங்கியல் பட்டம், பிறகு ஆசிரியர் பயிற்சி, அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் அறிவியல் ஆசிரியர் வேலை. பட்டணத்துக் கல்லூரியில் பளபளக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், இங்கே ஓட்டுக் கூரை போட்ட ஆய்வுக்கூடத்தையும் கலங்கலாக நின்ற பாட்டில் வரிசையையும் பார்த்ததும் மனசுக்குள் சிரித்தேன்.

அந்தக் கூடத்துக்குத் தலைவர் தேவசகாயம் சார். பெருநகர்க்காரர், தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்திலும் அந்தத் தெருவிலும் முதலில் பட்டம் வாங்கியவர் இவர்தான். யாராக இருந்தாலும் 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுவார். தலைமை ஆசிரியரும் மிஸ்டர், மணி அடிக்கிறவரும் மிஸ்டர். எந்த வேலையைச் செய்தாலும் செய்து முடித்ததை வாய்விட்டுச் சொல்வார். "கதவு பூட்டியாச்சு. ஸ்டவ் அணைச்சாச்சு. குடை எடுத்தாச்சு." பக்கத்தில் ஆள் இருந்தாலும் சொல்வார், இல்லாவிட்டாலும் சொல்வார். ஆசிரியர்கள் அறையில் அதை நடித்துக் காட்டி நாங்கள் சிரிப்போம். "வடை தின்னாச்சு, வாய் தொடைச்சாச்சு" என்று நடித்துக் காட்டுவதில் நான்தான் கெட்டிக்காரன்.

வகைப்பாடு அவருக்கு உயிர். பையன்களிடம் அதை விலாசம் என்பார். "மாகாணம், ஜில்லா, தாலுக்கா, ஊர், தெரு, வீடு. பைலம்னா மாகாணம். ஸ்பீஷிஸ்னா வீடு. தெரு வரைக்கும் வந்துட்டு வீடு தெரியாம நின்னா தபால்காரன் என்ன பண்ணுவான்? திரும்பிப் போவான்."

விடுமுறை நாட்களில் சில சமயம் என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் போவார். வலையில் சிக்கி வருகிற, விலை போகாத உயிர்களை மீனவர்களிடம் கேட்டு வாங்குவது அவர் வழக்கம். அப்படிப் போன ஒரு நாள் ஒருவர் பாறையில் மாட்டிக் கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வலைக்குள் கறுப்பாக, ஊசி ஊசியாக ஒரு கடல் முள்ளெலி. தெற்குக் கடற்கரையில் மூரை என்பார்கள்.

"இந்த முள்ளு உருண்டைய எட்த்துகினு போயி இன்னா சார் பண்ணுவீங்க? கொயம்பு வெப்பீங்களா?" என்றார் வலைக்காரர்.

"பேர் வெப்போம் மிஸ்டர்."

"அதுக்குப் பேரு ஒண்ணு கீது சார். சனியன்னு பேரு. வலைய கிய்ச்சிட்டு குந்திகினு கீது பாருங்க."

சார் அதை ஒரு வாளிக் கடல்நீரில் விட்டுக் குனிந்து பார்த்தார். சட்டென்று ஈர மணலில் வேட்டியோடு முட்டி போட்டார். "மிஸ்டர், மோதிரம் இல்ல! மோதிரத்தைக் காணோம்!" என்று கத்தினார். வலைக்காரர் பதறிப்போய் மணலைக் கையால் துழாவ ஆரம்பித்துவிட்டார். "எங்க சார் வுட்டீங்க? தங்கமா?"

மோதிரம் என்று அவர் சொன்னது இதை. நீண்ட முள் கொண்ட இந்த இனத்தில் டயடீமா செட்டோசம் என்பது நாங்கள் புத்தகத்தில் படித்த வகை. உயிரோடு இருக்கும்போது அதன் உச்சியில், கழிவு வெளியேறும் இடத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். இதில் வளையம் இல்லை. அதற்குப் பதில் மேலிருந்து கீழாக நீலக் கோடுகள் மின்னின. அப்படியானால் இது அதே தெருவில் பக்கத்து வீடு, டயடீமா சாவின்யி என்பது அவர் எண்ணம். நம் கரையில் அதைப் பார்த்ததாகத் தான் எங்கும் படித்ததில்லை என்றார். ஆனால் செத்ததும் நிறம் போய்விடும். அதன் பிறகு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல மேலோட்டின் அமைப்பையும், முட்களுக்கு நடுவே இருக்கும் கடுகளவுக் கிடுக்கிகளின் வடிவத்தையும்தான் உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அவை எல்லாம் சுண்ணாம்பால் ஆனவை.

அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் அவர் அதைப் பதப்படுத்தியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கல்லூரிகளில் இதற்கு ஸ்பிரிட் உண்டு. எங்களுக்கு மதுவிலக்கு நாட்களில் ஸ்பிரிட் வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு யார் கொடுப்பார்கள்? ஃபார்மலின்தான் கதி. ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் அளந்தார். முள்ளெலியின் வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில் ஊசியால் குத்தித் துளை போட்டார், மருந்து உள்ளே போவதற்கு. கடற்கரையில் பொறுக்கி வந்த கிளிஞ்சல்களை அம்மிக்கல்லில் உடைத்து, அலசி, ஒரு கைப்பிடி பாட்டிலின் அடியில் போட்டார்.

"இது எதுக்கு சார்?" என்றேன்.

"ஃபார்மலின் நாளாக ஆகப் புளிச்சுப் போகும் மிஸ்டர். புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும். இந்தக் கிளிஞ்சலைத் தின்னுட்டுப் போகட்டும், இவனை விட்டுடும்."

எங்கள் கல்லூரியில் யாரும் பாட்டிலில் கிளிஞ்சல் போட்டு நான் பார்த்ததில்லை. அங்கே இருந்தது ஸ்பிரிட் என்பது அப்போது என் தலையில் ஏறவில்லை. கிராமத்து வாத்தியாரின் கைவைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வழக்கம்போல் சொல்லிக்கொண்டே முடித்தார். "ஊசி போட்டாச்சு. தண்ணி அளந்தாச்சு. கிளிஞ்சல் போட்டாச்சு. மூடி போட்டாச்சு." வெளிச்சம் படாமலிருக்க, போட்டோ ஸ்டுடியோவில் கேட்டு வாங்கிய கறுப்புத் தாளைச் சுற்றி நூலால் கட்டினார். "இந்தப் பாட்டிலை மட்டும் யாரும் தொடாதீங்க மிஸ்டர். மாதிரி இல்லாம பேர் இல்ல. என் கண்ணால பாத்த நீலக் கோட்டை நான் எத்தனை தடவ சொன்னாலும் அது சாட்சி ஆகாது. இவன்தான் சாட்சி."

சென்னையிலிருந்து கடல் உயிரின நிபுணர் ஒருவர், பொங்கல் கழிந்து வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். தேவசகாயம் சார் அந்த நாட்களில் சற்று உயரமாக நடந்தார் என்றே சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியரே நின்று "என்ன, உங்க முள்ளு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். அதற்கு முன் அவர் அப்படி நின்று பேசி நான் பார்த்ததில்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒன்று விடாமல் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பது பள்ளி வழக்கம். சார் கிறிஸ்தவர், பூஜைக்கு இருக்க மாட்டார். ஆனால் பொரிப் பொட்டலத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வார். "சாமி வேற வேற மிஸ்டர். பொரி ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு மதியமே பஸ் ஏறினார்.

நான் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டு வந்தேன். கறுப்புத் தாள் சுற்றிய பாட்டில் கையில் வந்தது. தொடாதீர்கள் என்று அவர் சொன்னது நினைவிருந்தது. தாளை லேசாக விலக்கிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் கலங்கி, அடியில் சேறு மாதிரி படிந்திருந்தது. பட்டணத்திலிருந்து வருகிறவர் இதைப் பார்த்தால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைப்பாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கா, எனக்கா என்று கேட்டால் எனக்குத்தான்.

முள்ளெலியைப் பக்குவமாகத் தட்டில் எடுத்து வைத்தேன். பாட்டிலைக் கழுவினேன். கிளிஞ்சலைக் கூடத்துக்குப் பின்னால் எருக்கஞ்செடிப் பக்கம் கொட்டினேன். அலமாரியில் வெகுநாளாக இருந்த ஃபார்மலினைக் கலந்து ஊற்றினேன். கண்ணாடி மாதிரி நின்றது. அதே தாளை, அதே மடிப்பில், அதே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். பாட்டிலுக்குப் பொட்டு வைத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று அலமாரிக் கதவுக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நிபுணர் முன்னால் தாளை அவிழ்க்கும்போது சார் ஆச்சரியப்படுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

பொங்கல் கழிந்து நிபுணர் வந்தார். தலைமை ஆசிரியர், மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் கூடத்தில் நின்றோம். சார் கோட்டுப் போட்டிருந்தார், அது அவருடைய கல்யாணக் கோட்டு. மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. நூலை அவிழ்த்தார், தாளை எடுத்தார்.

பாட்டில் அடியில் முட்கள் எல்லாம் உதிர்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தன. உடம்பு மட்டும் நடுவில் மிதந்தது.  சார் கரண்டியை விட்டு மெதுவாக அதைத் தூக்கினார். தண்ணீரில் ஊறிய அப்பளம் போல அது கரண்டியின் இரண்டு பக்கமும் தொங்கி, வெள்ளைத் துணியின் மேல் கூழாக விழுந்தது. ஒரு முள்ளைச் சாமணத்தால் எடுத்தார். முள் வளைந்தது. ஊசி போலக் குத்துகிற முள், நனைந்த நூலாக வளைந்தது.

என் காது அடைத்துப்போயிற்று. நிபுணர் ஏதோ சொன்னார், உதடு அசைவதுதான் தெரிந்தது. இன்னொன்று கிடைத்தால் அனுப்பச் சொன்னார் என்று பிறகு சொன்னார்கள். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியர்தான் "கறுப்புத் தாள்ள சுத்தி வெச்சப்பவே நெனச்சேன்" என்று சிரித்தார்.

எல்லோரும் போன பிறகும் சார் பாட்டிலின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை விட்டுத் துழாவினார்.

"கிளிஞ்சல் இல்லையே மிஸ்டர்."

நான் கரண்டியை எடுத்துத் துடைத்தேன்.

"நான் போட்டேனா? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. போட்டதா எனக்கு நல்லா ஞாபகம். ஆனா இங்க இல்லையே. இருந்தா இப்படி ஆகாதே. கவனிச்சீங்களா நீங்க?"

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "கவனிக்கல சார்" என்ற வார்த்தை வந்தது.

"அப்ப மறந்துட்டேன்" என்றார்.

அவர் யார் மேலும் சந்தேகப்படவில்லை. பூஜையன்று யார் துடைத்தது என்று கேட்டிருந்தால் போதும், நான் உடைந்திருப்பேன். கேட்கவே இல்லை. கண்முன் இருக்கும் சான்றை நம்பிப் பழகிய மனிதர். பாட்டிலில் கிளிஞ்சல் இல்லை, எனவே தான் போடவில்லை. தன் ஞாபகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சான்றை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பஸ் நிலையம் வரை போய்விட்டு ஸ்டவ்வைப் பார்க்கத் திரும்பி வருவார். "பூட்டியாச்சு" என்று சொல்வதை விட்டுவிட்டார். "பூட்டினேனா மிஸ்டர்?" என்று என்னைக் கேட்பார். தலைமை ஆசிரியர் அமில அலமாரிச் சாவியை அவரிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். வேறு ஒருவருக்கு இது நடந்திருந்தால் கைத்தவறு என்று பேச்சு அன்றே முடிந்திருக்கும். அவர் தெருவிலிருந்து வந்த ஒருவர் தலைமை இடத்தில் இருப்பதைச் சகிக்க முடியாதவர்கள் சிலர் இருந்தார்கள். மூளை கலங்கிவிட்டது என்ற சொல்லுக்காக அவர்கள் காத்திருந்தது போல இருந்தது.

ஒருநாள் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் அவர் மனைவி எஸ்தர் அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் காய்கறிப் பை.

"தம்பி, ஒரு சேதி கேக்கணும். மறைக்காம சொல்லு. நான் மறந்துட்றேன் எஸ்தர், மறந்துட்றேன்னு ராவும் பகலும் சொல்லிகினு கீறாரு. வூட்ல நான் பாத்த வரைக்கும் ஒண்ணும் மறக்கல. சம்பந்தி வூட்டு ஆடு குட்டி போட்ட நாளு வரைக்கும் சொல்றாரு. ஸ்கூல்லதான் மறக்கறாரா? நீ கூடவே கீற பையன். நீ சொன்னா நான் நம்பறேன்."

இல்லை அம்மா என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் இல்லை என்றால், அப்புறம் கிளிஞ்சல் எங்கே போயிற்று என்ற கேள்வி வரும்.

"கொஞ்சம்" என்றேன்.

எஸ்தர் அம்மா அப்படியே பஸ் நிலையத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து கத்தரிக்காய்கள் உருண்டன. நான் பொறுக்கிக் கொடுத்தேன். "நல்ல காலம் நீயாச்சும் நெஜத்த சொன்ன" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும்.

பாட்டிலைக் கழுவியது அறியாமை, திமிர், எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. அதுவரை அவரை நம்புவதற்கு ஒரே ஒரு ஆள் மிச்சம் இருந்தார். அந்த ஆளையும் நான் எடுத்துவிட்டேன்.

வேலையை விடுவதாக அவரே எழுதிக் கொடுத்தார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. ஓய்வு பெறும் வரை அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பல மாதங்கள் கழித்து, சொல்லிவிடுவது என்ற முடிவோடு பெருநகர் போனேன். வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, முகம் தெளிவாக இருந்தது. "வாங்க மிஸ்டர்" என்று எழுந்தார். அப்போதுதான் பார்த்தேன். சட்டைப் பைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணித் துண்டு தைத்திருந்தது. அதில் சிவப்பு நூலில் அவர் பெயர், தெரு, பெருநகர்.

என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். "எஸ்தர் தச்சது. எங்கயாவது போய் வழி தெரியாம நின்னா யாராவது கொண்டாந்து விடணுமே. எனக்கே லேபிள் கட்டிட்டாங்க மிஸ்டர். விலாசம் சரியா இருக்கு. பைலம் மட்டும் போடல." சிரித்தார். 

சைக்கிளை விற்றுவிட்டார்களாம். தீப்பெட்டி அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதாம். மாதா கோயிலில் வேதபாடம் வாசிப்பதும் வேறொருவருக்குப் போய்விட்டதாம். குறையாக இல்லை, நியாயம்தான் என்பது போலச் சொன்னார்.

எஸ்தர் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். சார் நாற்காலியை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ்டர், ஒண்ணு சொல்றேன். சரியான்னு பாருங்க. பைலம் எக்கினோடெர்மேட்டா. கிளாஸ் எக்கினாய்டியா. ஆர்டர் டயடிமாட்டாய்டா. ஃபேமிலி டயடிமாட்டிடே. ஜீனஸ் டயடீமா." அங்கே நிறுத்தினார். "ஸ்பீஷிஸ் சொல்ல எனக்கு உரிமையில்ல. மாதிரி இல்லையே. மிச்சம் சரியா?"

"சரி சார்."

"தினமும் சொல்லிப் பாக்கறேன். ஒரு நாளும் தப்பல. அந்த வலைக்காரர் சனியன்னு சொன்னது, உங்க சட்டை அன்னிக்கு என்ன கலர், எல்லாம் இருக்கு. அப்ப அந்தக் கிளிஞ்சலை மட்டும் நான் எப்படி மறந்தேன் மிஸ்டர்?"

என் முகத்தையே பார்த்தார். மாணவன் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பது போல. நான் சொல்ல வந்தது அதற்கான பதில்தான். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

உள்ளேயிருந்து எஸ்தர் அம்மாவின் குரல் வந்தது. "அவரு கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிகினு குந்தாத தம்பி. கேட்டதையே கேப்பாரு. பஸ்ஸ வுட்டுடப் போற."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "வரேன் சார்" என்றேன். பஸ் வருவதற்கு வெகுநேரம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் பெருநகர் போகவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபோது இரங்கல் கூட்டத்தில் பேசினேன். கடைசிக் காலத்தில் அவருக்கு உண்மையிலேயே மறதி வந்ததா, எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும், என்னால் அவர் வேலையை விட்ட நாளில் அது அவரிடம் இல்லை. எஸ்தர் அம்மாவும் போய்விட்டார்.

பள்ளி மலர் தயாரிப்பவர்களுக்கு: அந்த இரண்டாவது வரியை அடித்துவிடுங்கள். இந்தக் கட்டுரைக்கு இடமில்லை என்றால் போட வேண்டாம், ஆனால் அந்த வரி அச்சாகக் கூடாது. அந்த இடத்தில் ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் இதைப் போடுங்கள், கீழே என் பெயரையும் சேர்த்து. தேவசகாயம் சார் கிளிஞ்சல் போட்டார். உடைத்து, அலசி, ஒரு கைப்பிடி. போட்டாச்சு என்று வாய்விட்டும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.